12 போர் துவக்கு: குழலைத் துடைத்து, சேம்பரை அளந்து, தோட்டாவைத் தேர்வது எப்படி

இலங்கை மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழங்கு பருக்கிற நேரம் பார்த்து ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் இறங்கி நாலைந்து பாத்தியைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு 12 போர் துவக்கு இருக்கிறது, அதாவது சன்னம் என்கிற சின்ன ஈயக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கி. போர் (bore) என்பது குழல் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிது. வாங்கிய நாளில் இருந்த அக்கறை பிறகு யாருக்கும் இருப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பத்திரத்தைப் புதுப்பிக்கிறோம். துவக்கை யார் பார்க்கிறார்கள்?

போன ஐப்பசி மழையில் ராகலைப் பக்கத்து நண்பர் ஒருவர் தன்னுடைய இரட்டைக் குழல் துவக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பிர்மிங்ஹாம் துவக்கு. கையில் புதுத் தோட்டாப் பெட்டி, அதன் மேல் 70 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. "இது எந்த அளவு சேம்பர்?" என்று கேட்டேன். சேம்பர் என்பது குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறை. "அண்ணே, தோட்டா உள்ள போகுது, துவக்கு மூடுது. அப்புறம் அளக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார். இந்த வழிகாட்டி முழுவதும் அவருக்கு நான் சொன்ன பதில்தான். தேயிலை ஃபெக்டரியில் 31 வருடம் பிட்டராக இருந்தவன் நான். அளக்காத எதையும் சரி என்று சொல்ல வாய் வராது.

தொடங்குவதற்கு முன் ஒன்று. இங்கே சொல்வது துடைப்பதும் அளப்பதும் மட்டும். பழுது பார்ப்பது, சேம்பரைத் தோண்டி நீட்டுவது, வீட்டில் தோட்டா நிரப்புவது எதுவும் இதில் இல்லை. அனுமதி இல்லாமல் வெடிமருந்தில் கை வைத்தால் சட்டமும் விடாது, மருந்தும் விடாது. கட்டுத்துவக்கு, அதாவது மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கும் துவக்கு, வைக்கிறவர்களுக்கும் இதில் ஒன்றும் இல்லை. அது பன்றியையும் கொழுந்து எடுக்கப் போகும் மனுசியையும் பிரித்துப் பார்க்காது.

முதலில் காலி செய்யுங்கள்

துவக்கைத் திறந்து இரண்டு சேம்பரையும் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். துடைக்கும் மேசையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அளவு பார்க்க ஒரு தோட்டா வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம், சுட்டு முடிந்த வெற்றுக் கோது, அதாவது தோட்டாவின் உறை, போதும். அதுதான் சரியான அளவையும் காட்டும், ஏன் என்று பின்னால் வரும்.

குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

துடைத்த பிறகுதான் அளக்க வேண்டும்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சேம்பர் முடியும் இடத்தில் புகைக் கரியும் உருகிய பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரு மெல்லிய வளையமாகப் படியும். அது இருக்கும்போது அளந்தால் சேம்பர் உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும்.

தேவையானவை அதிகம் இல்லை. ஒரே துண்டாக உள்ள மரக் கோல் அல்லது பித்தளைக் கோல், 12 போருக்கான வெண்கலப் பிரஷ், சேம்பருக்கு அதைவிட ஒரு சுற்றுப் பெரிய பிரஷ் (10 போர் பிரஷ் கச்சிதமாக இருக்கும்), பழைய பெனியன் அல்லது நைந்த சாரத் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், தையல் மெசின் எண்ணெய். துவக்குக்கென்றே விற்கும் கரைப்பான் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயே கரியை இளக்கும்.

எப்போதும் பின்வாயிலிருந்து (தோட்டா போடும் பக்கம்) முன்வாய்க்கு (சன்னம் வெளியேறும் பக்கம்) தள்ளுங்கள். முன்வாயில்தான் சோக் என்கிற குறுக்கம் இருக்கிறது. கோல் அங்கே உரசி உரசித் தேய்ந்தால் சன்னம் விரியும் விதமே மாறிவிடும். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரண்டு மூன்று தடவை தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு வெண்கலப் பிரஷ்ஷை முழு நீளத்துக்கும் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டுங்கள். குழலுக்குள் பாதி வழியில் பிரஷ்ஷைத் திருப்பி இழுக்காதீர்கள், முழுவதும் வெளியே வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அப்புறம் காய்ந்த துணி. துணி வெள்ளையாக வரும்வரை இதே சுற்று.

சாம்பல் நிறக் கோடுகள் போகாமல் நின்றால் அது ஈயம். சேம்பருக்கு அடுத்த சில அங்குலத்திலும் சோக்குக்குச் சற்று முன்னாலும் அது அதிகம் ஒட்டும். மறுபடி ஊற வைத்துப் பிரஷ் போடுவதுதான் வழி. எங்கள் ஊரில் சட்டி துலக்குகிற மாதிரி தேங்காய்த் தும்பில் சாம்பலும் மணலும் தொட்டுக் குழலைத் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எமரி தாளைக் கோலில் சுற்றித் தேய்த்தவரும் உண்டு. பளபளவென்று வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் குழல் பெருத்துக்கொண்டே போகும், சுவர் மெலிந்துகொண்டே போகும்.

மிகப் பழைய தோட்டாக்களைச் சுட்டிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. அந்தக் காலத்துக் கேப் (ஊசி குத்தியதும் தீப்பொறி தரும், தோட்டாவின் அடியில் உள்ள சின்ன மூடி) வெடித்தால் உப்பு மிஞ்சும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் பூசிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு ஏறும். கொதிக்கிற தண்ணீரைப் பின்வாயிலிருந்து ஊற்றிக் கழுவி, குழல் சூடாக இருக்கும்போதே துடைத்து உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள். இப்போது வரும் தோட்டாக்களுக்கு இது தேவையில்லை.

கடைசியாக எண்ணெய். நாலைந்து சொட்டுத் துணியில் விட்டு ஒரே தடவை ஓட்டினால் போதும். இதில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் தாராளமாக எண்ணெய் ஊற்றி, துவக்கை முன்வாய் மேலே பார்க்கும்படி சுவரில் சாத்தி வைத்தேன். மாதக்கணக்கில் எண்ணெய் மெதுவாக இறங்கி இரும்பும் கட்டையும் சேரும் இடத்தில் ஊறிவிட்டது. கட்டையின் தலை கறுத்து, விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மையாகி, ஒரு நாள் விரிசல் விட்டது. இப்போது முன்வாய் கீழே பார்த்துத்தான் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எங்கள் குளிரில் உறைந்துவிடும்.

குழலுக்குள் பார்ப்பது

துடைத்த குழலை ஜன்னலை நோக்கிப் பிடியுங்கள். ஜன்னலின் குறுக்குச் சட்டம் குழலின் உள்சுவரில் ஒரு கறுப்புக் கோடாக விழும். குழலை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கோடு நேராக ஓடினால் நல்லது. ஓரிடத்தில் பிறைபோல வளைந்தால் வெளியே அடிபட்டு உள்ளே நசுங்கியிருக்கிறது. வளையம் போல முழுச் சுற்றும் நிழல் தெரிந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் அதே இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் பெரும்பாலும் மேடு தட்டும். வீங்கிய குழலைச் சுடக் கூடாது. அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

பிரஷ் போட்டும் போகாத கறுப்புப் புள்ளிகள் துருக் குழிகள். முன்பகுதியில் ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. சேம்பருக்கு அருகே கூட்டமாக இருந்தால் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் சுடாதீர்கள், அழுத்தம் உச்சத்துக்குப் போவது அந்தப் பகுதியில்தான்.

சேம்பர்: இங்கேதான் விசயம் இருக்கிறது

தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருப்பது எதன் நீளம்? நாம் கையில் எடுக்கும் தோட்டாவின் நீளம் இல்லை. அதை அளந்து பாருங்கள், 58 முதல் 60 மி.மீ. வரைதான் இருக்கும். 70 என்பது சுட்ட பிறகு, வாயில் மடித்திருக்கும் மடிப்பு விரிந்து நிற்கும் கோதின் நீளம். அதனால்தான் வெற்றுக் கோது போதும் என்றேன்.

பழைய இங்கிலாந்துத் துவக்குகளில் பல 2½ அங்குல (63.5 மி.மீ.) சேம்பர் கொண்டவை. இன்றைய கணக்கில் அது 65 மி.மீ. தோட்டா பாவிக்கும் சேம்பர். 2¾ அங்குலம் என்றால் 70 மி.மீ., 3 அங்குலம் என்றால் 76 மி.மீ. 2½ அங்குல சேம்பரில் 70 மி.மீ. தோட்டாவைப் போட்டால் என்ன நடக்கும்? மடித்த நிலையில் 60 மி.மீ.தான் இருப்பதால் சுகமாக உள்ளே போகும், துவக்கும் மூடும். சுடும்போது மடிப்பு விரிகிறது. விரிய இடமில்லை. சேம்பர் முடிந்து குழல் குறுகும் கூம்புக்குள் கோதின் வாய் போய் நெருங்குகிறது. சன்னமும், சன்னத்துக்கும் மருந்துக்கும் இடையில் இருக்கும் வாட் என்கிற அடைப்பும் அந்த நெருக்கத்தின் வழியாகப் பிதுங்கிக்கொண்டு போக வேண்டும். அழுத்தம் ஏறும். இந்த விபரீதத்துக்கெல்லாம் காரணம் தோட்டாவில் கூடிய 5 மி.மீ., ஒரு சம்பா அரிசி மணியின் நீளம்.

இனி அளப்போம். துவக்குக்கடைக்காரர்களிடம் சேம்பர் கேஜ் என்று ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது நானே லேத்தில் கடைந்தது. 20.25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிப்பில் ஒரு பித்தளை வட்டு. நடுவில் மரை வெட்டி 6 மி.மீ. கம்பி பூட்டியிருக்கிறது. வட்டின் முன்முகத்திலிருந்து 63.5, 65, 70, 76 மி.மீ. தூரத்தில் கம்பியைச் சுற்றி மெல்லிய கோடுகள். 12 போர் சேம்பர் நேர்க்குழாய் இல்லை. பின்வாயில் சுமார் 20.6 மி.மீ. இருந்து, முடியும் இடத்தில் சுமார் 20.3 மி.மீ. ஆகும். அதற்கு அப்பால் கூம்பாகச் சுருங்கி 18.5 மி.மீ. குழலாகிறது. ஆகவே என் வட்டு சேம்பர் முழுக்கத் தடையில்லாமல் போய், கூம்பு தொடங்கிய உடனே நிற்கும். எந்த டவுன் லேத் பட்டறையிலும் இதைக் கடைந்து தருவார்கள். முக்கியமானது விட்டம், அதில் சமரசம் வேண்டாம்.

பின்வாய் மேலே இருக்கும்படி குழலை நிமிர்த்திப் பிடித்து வட்டைத் தன் பாரத்திலேயே இறங்க விடுங்கள். அழுத்தாதீர்கள். பின்வாய் முகத்தின் குறுக்கே ஒரு இரும்பு அடிக்கோலை வைத்து, கம்பியில் எந்தக் கோடு அதன் மட்டத்துக்கு வருகிறது என்று பாருங்கள். நீளம் கணக்கிடுவது பின்வாய் முகத்திலிருந்து, விளிம்பு உட்காரும் பள்ளத்தையும் சேர்த்து. தோட்டாவைத் தூக்கும் எக்ஸ்ட்ராக்டர் வெளியே தள்ளி நின்றால் அதை உள்ளே அமர்த்திவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். மூன்று தடவை அளங்கள். மூன்றும் ஒன்றாக வராவிட்டால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது.

பழைய துவக்குகளில் கூம்பு அரை அங்குலம்தான், சட்டென்று நிற்கும். அதில் வட்டு சற்று மெலிந்திருப்பதால் வரும் பிழை அரை மி.மீ.க்கும் குறைவு. புதிய துவக்குகளில் கூம்பு ஒன்றரை அங்குலம்கூட இருக்கும். வட்டு மெல்ல நழுவி ஒரு மி.மீ. அதிகமாகக் காட்டலாம். 71 என்று வந்தால் 70 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

லேத் இல்லாதவர்களுக்கு ஒரு நாட்டு முறை. ஒடுக்கமான 6 அங்குல இரும்பு அடிக்கோலின் நுனியைச் சேம்பர் சுவரை ஒட்டியே நகர்த்துங்கள். கூம்பு தொடங்கும் இடத்தில் மூலை தட்டும். பழைய துவக்கில் நன்றாக உணரலாம். நீண்ட கூம்பில் இது நம்பத் தகுந்ததல்ல. இரட்டைக் குழல் என்றால் இரண்டையும் தனித்தனியே அளங்கள். ஒன்றை மட்டும் யாரோ நீட்டி வைத்த துவக்கை நான் பார்த்திருக்கிறேன்.

குழலின் அடியில் இருக்கும் முத்திரைகள்

குழலைக் கழற்றியிருக்கிறீர்கள் அல்லவா, அப்படியே திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும், குழலைச் சுட்டுச் சோதித்த சோதனைச்சாலை போட்டவை. கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் புகையற்ற மருந்துக்குச் சோதித்த குழல். அந்த வகை முத்திரை எதுவும் இல்லாத மிகப் பழைய குழல் கரிமருந்துக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. குழல் முழுக்க நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல். பார்க்க அழகு, சுவரில் மாட்டி வைக்கலாம்.

1925க்குப் பிறகு வந்த இங்கிலாந்துத் துவக்குகளில் சேம்பர் நீளம் அங்குலத்தில் பொறித்திருக்கும். 1954 விதிகளுக்குப் பிறகு அதோடு அழுத்தத்தைக் குறிக்கும் டன் கணக்கும் வரும்: 3 டன் என்றால் பொதுவாக 2½ அங்குலம், 3¼ டன் என்றால் 2¾ அங்குலம். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை.

குழலின் உள்விட்டத்தையும் பொறித்திருப்பார்கள். 12 என்றால் 0.729 அங்குலம், 13/1 என்றால் 0.719. இதைப் பின்வாயிலிருந்து 9 அங்குலம் உள்ளே அளக்க வேண்டும். 18 மி.மீ.யிலிருந்து தொடங்கும் போர் கேஜும் அதற்கு நீட்டுக் கம்பியும் உள்ள பட்டறை கிடைத்தால் அளந்து பாருங்கள். பொறித்த அளவைவிட ஆயிரத்தில் 10 பங்கு அங்குலம் பெருத்திருந்தால் அந்தச் சோதனை முத்திரைக்கு இனி மதிப்பில்லை.

முத்திரையில் 2½ என்றிருக்கிறது, உங்கள் கேஜ் 70 காட்டுகிறது. எதை நம்புவது? இரண்டில் குறைந்ததை. இடையில் யாரோ சேம்பரைத் தோண்டியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு குழலைச் சோதிக்கவில்லை. தோண்டிய இடத்தில் சுவர் மெலிந்திருக்கும்.

விளிம்பும் ஆட்டமும்

12 போர் தோட்டா நிற்பது அதன் பித்தளை விளிம்பில். அந்த விளிம்பு உட்காரும் பள்ளம் ஏறக்குறைய 1.9 மி.மீ. ஆழம். வேர்னியர் என்கிற அளவுகோலின் ஆழக் கம்பியால் அளக்கலாம். பள்ளம் அதிகம் என்றால் கேப்பில் ஊசி சரியாகக் குத்தாது, கோதும் பின்னால் தள்ளப்படும்.

குழலைப் பூட்டி, முன்கட்டை இல்லாமல், கைப்பிடியைப் பிடித்து மெல்ல உலுக்குங்கள். கீலில் டக்டக் என்றால் தேய்மானம். கொப்பித்தாளில் ஒரு கீற்றைக் குழலுக்கும் பின்சுவருக்கும் இடையில் வைத்து மூடி இழுங்கள். பிடித்துக்கொண்டால் நல்லது. தாராளமாக உருவிக்கொண்டு வந்தால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அங்கே சட்டப்படி ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து தாமே தோட்டா நிரப்புகிறார்கள். அவர்களுக்கும் கதை இதுதான். பழைய .303 ரைஃபிளிலும் தோட்டா விளிம்பில்தான் நிற்கும். அதற்கான இடைவெளி 0.064 முதல் 0.074 அங்குலம். விளிம்பு சரியாக இருந்தாலும் முன்னால் தோள்ப்பகுதியில், அதாவது கோது கழுத்தாகக் குறுகும் இடத்தில், சேம்பர் தாராளமாக இருக்கும். சுடும்போது கோது அந்த அளவுக்கு ஊதி நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதைப் பழையபடி முழுக்க நசுக்கித் திரும்ப நிரப்பினால் அடிப்பக்கம் இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் வளையமாக அறுந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் கழுத்தை மட்டும் சுருக்கி, தோளைத் தங்கள் சேம்பரின் அளவிலேயே விடுகிறார்கள். சேம்பரை அளக்காமல் தோட்டா நிரப்புவது, கால் அளவு தெரியாமல் சப்பாத்துத் தைப்பது மாதிரி.

தோட்டாவைத் தேர்வது

சேம்பர் 70 என்றால் 65 மி.மீ. தோட்டாவும் போடலாம், 70 மி.மீ. தோட்டாவும் போடலாம். 65 என்றால் 65 மட்டும். நீளம் சரியாக இருந்தாலும் பழைய மெல்லிய துவக்குக்குப் பாரமான லோட் (மருந்தும் சன்னமும் அதிகமுள்ள தோட்டா) போடாதீர்கள்.

காகிதக் கோதுத் தோட்டாக்கள் எங்கள் குளிரிலும் பனியிலும் ஈரம் குடித்து வீங்கும். சேம்பருக்குள் தானாக விழாமல் கட்டைவிரலால் தள்ள வேண்டியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். 20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாக்களோடு ஒரே பெட்டியில் போடவே கூடாது. அது 12 போர் சேம்பருக்குள் வழுக்கிப் போய்க் கூம்பில் சிக்கி நிற்கும். சேம்பர் வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர் கோது மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான்.

சுட்ட பிறகு வெற்றுக் கோதை எறியாமல் வாயைப் பாருங்கள். ஓரம் நேராக, சுத்தமாக விரிந்திருந்தால் சேம்பர் போதுமான நீளம். ஓரம் பிசிறடித்து, உள்பக்கம் மடங்கி, சுற்றிலும் தேய்த்ததுபோல மினுங்கினால் அது கூம்புக்குள் போய் நசுங்கியிருக்கிறது. கேஜ் என்ன சொன்னாலும் அந்தத் தோட்டா அந்தத் துவக்குக்கு நீளம்.

மழைக்காலமும் வைப்பும்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஓயாத மழை. எங்கள் ஊவாப் பக்கம் அப்போது கச்சான் காற்று, வறட்சிதான். நமக்கு ஐப்பசியிலிருந்து தை வரைதான் துரு பிடிக்கும் காலம். ராத்திரிப் பனியில் நின்றுவிட்டு அடுப்பெரியும் குசினிக்குள் துவக்கைக் கொண்டுவந்தால் குளிர்ந்த இரும்பின் மேல் வியர்வை பூக்கும், உள்ளேயும் வெளியேயும். உடனே உறையில் போடாதீர்கள். திறந்து அரை மணி நேரம் விட்டு, துடைத்து, எண்ணெய்த் துணி ஓட்டிவிட்டுப் பூட்டி வையுங்கள். தோல் உறை, சாக்கு இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது எங்கள் பழைய வழக்கம். விறகுப் புகை இரும்பை அரிக்கும், சூடு தோட்டாவைக் கெடுக்கும். மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும்.

ராகலை நண்பரின் துவக்கில் வட்டு இரண்டு குழலிலும் 63.5 கோட்டிலேயே நின்றது. முத்திரையும் 2½ தான். அவரிடம் இருந்த பழைய வெற்றுக் கோதுகள் நாலைப் பார்த்தோம். மூன்றின் வாய் பிசிறடித்து உள்ளே மடங்கியிருந்தது. ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இத்தன வருசம் தோள்பட்ட வலிச்சது இதுக்குத்தானா?" என்றார். இரண்டு குழலின் அளவையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதி, "65 மட்டும்" என்று சிவப்புப் பேனையால் கோடிட்டு, அனுமதிப்பத்திரம் இருந்த கவருக்குள்ளேயே போட்டுக் கொடுத்தேன்.